தலைப்பில் நிற்க ஒரு தகுதி

இணையக் கலைக்களஞ்சியத்தில் நெஜிபா புதிதாக எழுதிய கட்டுரையின் கீழே, 'நீக்கிவிடலாம்' என்று பதிந்தார் மொன்ஜி. அங்கே கட்டுரைகளைச் சரிபார்ப்பவர் அவர்தான்.

நெஜிபாவுக்குப் பொறுக்கவில்லை. "நாப்பது வருஷமா நம்ம கெஃப் ஊர்ச் சரித்திரத்தை எழுதின மனுஷன். அவருக்கு ஒரு பக்கம் கொடுத்தா குடி முழுகிடுமா?"

"அவர் எல்லாரைப் பத்தியும் எழுதினார். அவரைப் பத்தி யார் எழுதினா?"

"இந்த ஊர்ல எழுத வேற யார் இருக்கா? இருநூறு கட்டுரைல அடிக்குறிப்பா அவர் பேர்தானே நிக்குது?"

"அடிக்குறிப்புல நிக்கலாம். தலைப்புல நிக்கணும்னா ரெண்டு பத்திரிகையாவது அவரைப் பத்தி எழுதியிருக்கணும். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"எப்பதான் எழுதுவாங்க?"

"இரங்கல் செய்தி போடுவாங்க இல்ல, அப்போ. அதுவரைக்கும் வரைவா வெச்சுக்கோ. டாக்டர் சொன்ன கெடு ஆலிவ் பறிப்பு வரைக்கும்தானே."

நெஜிபா வரைவைத் திறந்து, தலைப்பில் இருந்த தன் கணவர் மொன்ஜியின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பிறந்த வருடத்தைத் தட்டச்சு செய்து, அதன் பின்னே ஒரு சிறு கோடு போட்டாள்.

மொன்ஜி இருமிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "கோட்டுக்கு அப்புறம் இடம் விட்டிருக்கியா?"