ஒரு கை போதும்

“உம் புள்ளைக்குக் காது கேக்குதா இல்லையாடி? கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறான்.”

சித்திரை மாதம் குழாயடியில் வீரம்மாள் கேட்ட கேள்வி அது. “உன்னைவிட நல்லாவே கேக்கும்” என்று குடத்தைத் தூக்கிய அம்சவள்ளி, அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு முள்வேலி மட்டும்தான்.

இன்று அவள் எதிரிலேயே வந்து நிற்க வேண்டியதாகிவிட்டது. திண்டிவனம் ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தில் பெருக்குவதும் மணி அடிப்பதும் வீரம்மாள்தான்.

“மறுபடியும் இவனா?” என்றார் ஹெட்மாஸ்டர் விருத்தாசலம், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

“இப்ப அஞ்சு முடிஞ்சிடுச்சி சார். பேரு மாசிலாமணி.”

“பொறந்த தேதி?”

“பெரிய புயலு அடிச்சுதே சார், அதுக்கு மறு வாரம்.”

“ரிஜிஸ்டர்ல புயல்னு எழுத முடியாதும்மா. காதைத் தொடச் சொல்லு.”

தேதி தெரியாத பிள்ளைகளுக்கு அதுதான் பரீட்சை. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஒண்ணாம் வகுப்பு. தொடாவிட்டால் அடுத்த ஜூன்.

அதுவரை அம்சவள்ளியால் காத்திருக்க முடியாது. நிலக்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அப்படியே திரும்பிப் போக வேண்டியதுதான் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது.

மாசியின் வலது கை மேலே போனது. உச்சியைத் தாண்டியது. காதுக்கு இரண்டு விரற்கடை இருக்கையில் உடம்பு சிலிர்த்து, கை இறங்கிவிட்டது.

“எட்டலியே.”

“எட்டும் சார். காதுல எதுனா பட்டா அவனுக்குக் கூசும். காலர் பட்டாலே சட்டையைக் கழட்டிப் போட்டுடுவான். முடி வெட்டப் போனா, சலூன்காரரு பாதித் தலையோட அனுப்பிட்டாரு.”

ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் கிராப்பு, ஒரு பக்கம் காடு.

“ஒரு மாசமா பழக்கிக்கினு இருக்கேன் சார்.”

“கூச்சத்துக்கெல்லாம் ரிஜிஸ்டர்ல எடம் இல்லம்மா.”

வீரம்மாள் துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். அம்சவள்ளியைப் பார்க்காமல் ஹெட்மாஸ்டரிடம் பேசினாள்.

“சார், அந்தம்மாவைப் புள்ளையோட எடது கையைக் கெட்டியாப் புடிச்சிக்கச் சொல்லுங்க. போன வருசம் மணிச் சத்தத்துக்கு மெரண்டு ஓடி, பூந்தொட்டியை ஒடைச்சான். வலது கைக்குத்தான பரீட்சை? எடது கை சும்மாத்தான இருக்குது?”

“எம் புள்ளையை எப்படிப் புடிக்கணும்னு எனக்குத் தெரியும்னு சொல்லுங்க சார்.”

“ரெண்டு பேரும் சேந்து என்னைத் தபால்காரன் ஆக்கிடாதீங்க” என்றார் ஹெட்மாஸ்டர்.

“பின்ன என்ன சார்? தீமிதி அன்னிக்கும் இப்படித்தான். கூட்டத்துல இவன் ஓடிடப் போறான்னு ஒரு கையைப் புடிச்சிக்கினு நிக்கறேன். பம்பை அடிக்கறாங்க. ஊரே சாமியைப் பாக்குது, இந்தம்மா மட்டும் எம் புள்ளையையே உத்துப் பாக்குது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா மொளகா சுத்திப் போட்டேன்.”

வீரம்மாள் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, அம்சவள்ளி மகனின் இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“கடைசியா ஒரு தபா” என்றார் ஹெட்மாஸ்டர்.

கை மேலே போனது. உச்சி. இரண்டு விரற்கடை. நின்றது. ஹெட்மாஸ்டர் பேனாவை மூடினார்.

ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூட மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு டணார் என்று அதிர்ந்தது.

மாசி துள்ளினான். இடது கையை உருவப் பார்த்தான், அம்மா விடவில்லை. பொத்த வேண்டியது இரண்டு காது, இருப்பதோ ஒரு கை. வலது கை விருட்டென்று தலைக்கு மேலே போனது. மேல்கை வலது காதை அடைத்தது. விரல்கள் இடது காதை முழுசாகப் பொத்திக்கொண்டன. வெளியே சத்தம் ஓயவில்லை, கையும் இறங்கவில்லை.

“தொடச் சொன்னா, மூடியே போட்டுட்டான்” என்று சிரித்தபடி ஹெட்மாஸ்டர் பேனாவைத் திறந்து பெயரை எழுதினார்.

அதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தட்டும் கையுமாகச் சத்துணவுக் கூடத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“வீரம்மா, மணி பத்தேகால்தான ஆவுது?”

அம்சவள்ளி வாசலுக்கு வந்தாள். மாசியின் இடது கை இன்னும் அவள் பிடியில்தான் இருந்தது. தீமிதி அன்று பம்பை அடிக்கையில் அவள் பிடித்திருந்ததும் இதே கையைத்தான். அன்றும் மறு கை இப்படித்தான் தலைக்கு மேலே போயிருக்கும்.

“அக்கா” என்றாள்.

வீரம்மாள் திரும்பவில்லை. மணி அடிக்கிற இரும்புத் தடியின் நுனியில் பழைய சீலைத் துணியை மெத்தென்று சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.