ஆறாம் நம்பர் டப்பா

"கையெழுத்துப் போட மாட்டேன், மதர்."

பிரின்ஸிபால் எதிரில் ஒரு பிசிக்ஸ் லெக்சரர் இப்படியா பேசுவது? அதுவும் கல்லூரிக்குப் புது லேப் கட்டித் தருவதாகச் சொன்ன தைரியராஜைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! அமலராணிக்குப் பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்திதான்.

தைரியராஜ் தோல் பதனிடும் ஆலை முதலாளி. மேஜைமேல் ஐந்து சோப்பு டப்பாக்களைக் கொட்டினார். இது 1983. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு, அமலராணி மூன்று வருஷம் பாடுபட்டுச் செய்தவை. உள்ளே மிளகளவு சென்சார், பேட்டரி, ஒரு பஸ்ஸர். கெட்ட வாயுவோ, சமையல் கேஸோ பட்டால் கத்தும்.

"உங்க டப்பா சும்மா சும்மா கத்துது மிஸ். வேலை நிக்குது. கருவி சரியில்லைன்னு எழுதிக் குடுங்க. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டணும்."

"போன மாசம் உங்க தொழிலாளி வீரமலை, தோல் ஊறுற தொட்டிக்குள்ள மயங்கி விழுந்தாரே, அன்னிக்கும் கத்துச்சு. 'அது சும்மா கத்துது, உள்ளே போய் வேலையைப் பாரு'ன்னு அவரை இறக்கினது யாரு சார்?"

"கேஸ் இருந்தா நாத்தம் வராதா? எனக்கு மூக்கு இல்லையா?"

"அளவு மீறினா மூக்கு மரத்துடும். நாத்தம் போயிடுச்சுன்னு நினைப்போம். உயிரே போயிடும்."

மதருக்குச் சங்கடம். "அமலா, ஒரு கையெழுத்துதானே. லேப் வந்தா எத்தனை பிள்ளைங்க படிக்கும்!"

"நான் போட்டா அம்பது பேரு மறுபடியும் தொட்டியில இறங்குவாங்க, மதர்."

அமலராணி டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் நெயில் பாலிஷில் ஒரு நம்பர். கீழே ஒட்டிய சீட்டில் கல்லூரி போன் நம்பர்.

"ஆறு கொடுத்தேன். ஆறாம் நம்பர் எங்கே?"

"தொலைஞ்சிருக்கும். ஒரு சோப்பு டப்பாவுக்கு இவ்வளவு விசாரணையா?"

"அது வரட்டும். அப்புறம் பேசலாம்."

மதர் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போது போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு அமலராணியிடம் நீட்டினார்.

"யாரோ ஒரு அம்மா. டப்பா செஞ்சவங்க வேணுமாம்."

"மேடம், காட்டூர்லேருந்து பாக்கியமேரி பேசுறேன், பக்கத்து வீட்டு போன்ல. எங்க வீட்டுக்காரர் தைரியராஜ், அவரோட ஆலையிலேருந்து ஒரு டப்பா கொண்டாந்து கேஸ் சிலிண்டர் பக்கத்துல மாட்டியிருந்தாரு. 'இது கத்தினா பொய்யே இருக்காது, பிள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடிடு'ன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. இப்பக் கத்துச்சு. டப்பாவையும் எடுத்துக்கிட்டு ஓடியாந்துட்டோம். வெளியே வந்ததும் நின்னுடுச்சு. உள்ளே போகலாமா மேடம்?"

"போகாதீங்கம்மா. சுவிட்ச் எதையும் தொடாதீங்க. கேஸ்காரங்க வரட்டும். பிள்ளைங்க உங்ககூடத்தானே இருக்காங்க? ஒரு நிமிஷம்."

ரிசீவரைத் தைரியராஜிடம் நீட்டினாள்.

"ஆறாம் நம்பர் கிடைச்சிடுச்சு சார். உங்க வீட்டம்மா லைன்ல இருக்காங்க. அது சும்மா கத்துது, உள்ளே போய் வேலையைப் பாருன்னு நீங்களே சொல்லிடுங்க."