உடம்புதான் முக்கியம்

"உடம்பு கொதிக்குதே" என்று சிறுமியின் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள் கணக்கு டீச்சர். தலை பின்னி, பேனாவும் கையுமாகக் கிளம்பி நின்ற அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். ராத்திரியெல்லாம் படிச்சேன்."

"அதான் காய்ச்சல். இன்னைக்கு வெளியே விடாதீங்க."

தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வீடு தேடி வந்து பாக்கறீங்களே, டீச்சர். ஆனா இன்னைக்குப் பரீட்சையாச்சே?"

"பரீட்சை எங்கே ஓடிடப்போகுது? உடம்புதான் முக்கியம்."

தெருவுக்கு வந்ததும் டீச்சர் தனக்குள் சிரித்துக்கொண்டாள். நகரத்து அரசு நடுநிலைப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே தேர்வு வைத்து, சராசரி மதிப்பெண்ணை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் நாள் இது. வராத பிள்ளைகள் சராசரியில் சேர்த்தி இல்லை.

போன வருடம் மயிரிழையில் முதலிடம் தவறியதிலிருந்து தலைமை ஆசிரியைக்குச் சோறு இறங்கவில்லை. மண்டையில் ஏறாத பிள்ளைகளை வீட்டோடு நிறுத்த வேண்டும் என்பது அவள் யோசனை. முதலிடம் கிடைத்தால் கணக்கு டீச்சருக்குப் பதவி உயர்வு.

"இந்த நாலு தெருவும் நீங்க பாத்துக்கோங்க. இன்னும் ஒரே ஒரு வீடு இருக்கு. அங்கே நான் போனாத்தான் சரியா வரும்" என்று தலைமை ஆசிரியை நேற்றே சொல்லியிருந்தாள். எந்த வீடு என்று டீச்சர் கேட்கவில்லை. ஒரு அலைச்சல் மிச்சம்.

டீச்சரின் மகளும் அதே பள்ளியில், இந்தத் தேர்வு எழுதும் எட்டாம் வகுப்புதான். அம்மா மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று ஒரு மாதமாக விழுந்து விழுந்து படித்தாள். "நீயே கிளம்பிப் போயிடு கண்ணு" என்று காலையில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் டீச்சர் இந்த வேலைக்கு வந்திருந்தாள்.

பள்ளி வாசலில் தலைமை ஆசிரியை காத்திருந்தாள். "போன காரியம்?"

"எல்லாத்தையும் படுக்க வச்சாச்சு மேடம். நீங்க போன வீடு?"

"முடிஞ்சுது. பாவம், ரொம்ப அழுதுச்சு."

"ரெண்டு நாள் அழும் மேடம். அப்புறம் தானா மறந்துடும்" என்று டீச்சர் ஆறுதல் சொன்னாள்.

தேர்வு மணி அடித்தது. கூடவே டீச்சரின் கைப்பைக்குள் போனும் அடித்தது. வீட்டிலிருந்து.

"அம்மா, எனக்குக் காய்ச்சலாம்மா. பெரிய டீச்சர் வந்து தொட்டுப் பாத்துச் சொன்னாங்க."