விண்டோஸுக்கான பக்கம்

படகுகளுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பிவந்த மீனவர் சங்கத்தின் பழைய கணினி அன்று காலை நின்றுபோனது. அந்த வேலையை க்ளவுடுக்கு, அதாவது இணையவழி வாடகைக் கணினிக்கு, மாற்றிவிடலாம் என்று சங்கத்தின் விண்டோஸ் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள், சங்கத்தின் கணினி வேலைகளைப் பார்க்கும் பெனிட்டா. அதற்கென இணையத்தில் கிடைத்த வழிகாட்டி மேக்குக்கும் லினக்ஸுக்கும் எல்லாக் கட்டளைகளையும் விளக்கமாகச் சொன்னது. விண்டோஸ் என்ற தலைப்பின் கீழே மட்டும் ‘விரைவில்’ என்று போட்டிருந்தது. மேக்குக்கானதையே அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு வரிக்கும், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது திரை.

செயலாளர் சேசுராஜ் வாசலில் வந்து நின்றார். “செய்தி போவுமா தாயி? பயலுவ வலைய ஏத்திட்டு நிக்கிறானுவ.”

“இன்னைக்குப் போகாது மாமா. யாரையும் கடலுக்குப் போக வேணாம்னு சொல்லிருங்க.”

ஏற்றிய வலைகளை இறக்கச் சொல்ல அவர் கரைக்குத் திரும்பிப் போனார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் மதியம்தான் எச்சரிக்கை போகத் தொடங்கியது. அதற்குள் ஏறக்குறைய எல்லாக் கட்டளையையும் அவள் மாற்றி எழுத வேண்டியிருந்தது. இன்னொருவர் இப்படித் திண்டாட வேண்டாம் என்று, விண்டோஸுக்கான அந்தப் பக்கத்தை முழுதாக எழுதி வழிகாட்டிக்காரர்களுக்கு அனுப்பினாள்.

சில நாள் கழித்துப் பதில் வந்தது. ‘மிக்க நன்றி. சேர்ப்பதற்கு முன், உங்கள் கட்டளைகள் மேக்கிலும் ஓடுகின்றனவா என்று சோதித்துச் சொல்ல முடியுமா?’

‘உங்களுடையதை நீங்கள் விண்டோஸில் ஓட்டிப் பார்த்தீர்களா?’ என்று எழுதினாள். எழுத்துப்பிழை ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.