நீர்நாய் பார்க்க வந்தவன்

மூணாறு கடைத்தெருவுக்குப் பின்னால், எதிர்க்கரைப் பாறைகளில் ஐந்து நீர்நாய்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

1925 சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. எஸ்டேட்டுகளிலிருந்து சாமான் வாங்க இறங்கி வந்தவர்கள் மூட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு, கரையில் நெருக்கியடித்து நின்றார்கள். ஒரு குட்டி தாயின் முதுகில் ஏறி, வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. அத்தனை பேரும் சிரித்தார்கள்.

பெரியமுத்து சிரிக்கவில்லை.

அவன் சின்னக்கானலிலிருந்து விடியுமுன் கிளம்பி நடந்து வந்திருந்தான். தை பிறந்ததிலிருந்து ஒரு ஞாயிறும் விடவில்லை. பல வாரம் நீர்நாய்கள் கண்ணில் படுவதேயில்லை. பட்டாலும் சத்தமில்லாமல் மீனைத் தின்றுவிட்டுப் போய்விடும்.

பாலக்காட்டிலிருந்து வந்து அங்கே அரிசிக்கடை வைத்திருந்த மொய்தீன் ராவுத்தருக்கு அவன் முகம் பழகிவிட்டது.

"ஏனப்பா, இதுகளைப் பாக்கறதுக்கா இத்தனை தூரம் நடந்து வர்றே?"

"கேக்கணும் ராவுத்தரே."

தன்னிடம் ஏதோ கேட்கப் போகிறான் என்று அவர் காத்திருந்தார். அவன் ஆற்றுப் பக்கமே காதைத் திருப்பி நின்றான்.

ஒரு மீனுக்காக இரண்டு நீர்நாய்கள் முட்டிக்கொண்டன. தோற்றது வாயைத் திறந்து கத்தியது.

கீச்சென்று ஒரு சின்னக் குரல். கோழிக்குஞ்சைத் தெரியாமல் மிதித்துவிட்டால் வருமே, அப்படி.

மறுபடியும் கத்தியது. அதே கீச்சு.

கூட்டம் கைதட்டியது. பெரியமுத்து நின்ற இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

போன ஆடியில் வெள்ளம் வந்தபோது அவன் இந்த ஆற்றங்கரையில்தான், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், மேல் லயத்தில் குடியிருந்தான். அன்று காலை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களுக்கு ஆற்றுப் பக்கமிருந்து நீளமாக ஒரு கூவல் கேட்டது. அவன் மனைவி சந்தனம் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"அது நீர்நாய்தான். நீ வந்து உக்காரு," என்று அவன் சொன்னான்.

இன்னும் இரண்டு தடவை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தார்கள். கீழ் லயம் இருந்த இடத்தில் வெறும் மணல் கிடந்தது.

அங்கே அவன் தம்பி சுருளிவேல் குடியிருந்தான்.