தனிக்குடித்தனம்

"தனிக்குடித்தனம் எல்லாம் இங்க நடக்காது. நாப்பது பேர் ஒண்ணா இருக்கற எடத்துல, நேத்து வந்தவ உனக்கு மட்டும் தனி ரூம், தனிச் சாவி கேக்குதா?"

பூட்டு சார் மேசையில் தட்டிய தட்டில் காப்பி டம்ளர் ஒரு துள்ளு துள்ளியது. எதிரே நின்ற தேடல்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாமியார் மருமகள் சண்டை இல்லை இது. ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வர் அறை. பூட்டு என்பது சர்வர் நிர்வாகிக்கு அலுவலகம் வைத்த பட்டப்பெயர். அவருடைய ஜாவா சர்வருக்குள் நாற்பது அப்ளிகேஷன்கள் ஒரே யூசரின் பெயரில், ஒரே அனுமதிச் சாவியில், கூட்டுக் குடும்பமாக ஓடிக்கொண்டிருந்தன. நாற்பத்தொன்றாவதாக வாசலில் நின்றது, அவள் எழுதிய தேடல் அப்ளிகேஷன்.

"எனக்கு கிளெய்ம் ஃபோல்டர் மட்டும் போதும் சார். தனி யூசர்ல ஓட விடுங்க. மத்ததை எல்லாம் அது படிக்கக் கூடாது."

"எல்லாத்தையும் படிச்சா உன் புரோகிராம் தாங்காதுன்னு நேரா சொல்லேன்!"

பூட்டுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஒப்பந்தத்தில் வந்தவள், அவரைக் கேட்காமல் நேரே டைரக்டரிடம் போய் அனுமதி வாங்கிவிட்டாள். அவருக்கோ அந்த சர்வர் சொந்த வீடு மாதிரி. சம்சாரத்தின் மருந்துச் சீட்டு முதல் பையனின் மார்க் ஷீட் வரை அதற்குள்தான் வைத்திருந்தார். அவரையும் சர்வரையும் தவிர ஈ, காக்காய் அங்கே எட்டிப் பார்க்க முடியாது.

"சர்வர் யூசர்லயே ஓடட்டும். உள்ள இருக்கற முப்பது லட்சம் ஃபைலையும் தின்னட்டும் உன் கழுதை. நாலு மணிக்கு டைரக்டர் மேடம் முன்னாடி ஓட்டிக் காட்டறப்ப மெமரி ரொம்பிப் படுத்துச்சுன்னா, அஞ்சு மணிக்கு ஐ.டி. கார்டைக் குடுத்துட்டு நடையைக் கட்டு."

"வேண்டாம் சார். சொன்னா கேளுங்க."

"எனக்கே புத்தி சொல்றியா?"

"அப்ப எழுதிக் குடுத்துடுங்க."

எழுதினார். 'எல்லா ஃபோல்டரும், சர்வர் யூசரில், என் உத்தரவு.' கீழே கொட்டை எழுத்தில் கையெழுத்தும் போட்டார்.

நாலு மணிக்கு டைரக்டர் வந்து உட்கார்ந்தார். பூட்டின் கண் திரையில் ஏறும் மெமரிக் கோட்டை விட்டு நகரவில்லை. கோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறி மறுபடி இறங்கியது. விழுகிற வழியைக் காணோம்.

"கொஞ்சம் கொஞ்சமா படிச்சு, அப்பப்ப டிஸ்க்ல எழுதி வெச்சுக்கும் மேடம். மெமரியை அடைச்சுக்கிட்டு உக்காராது" என்றாள் தேடல்காரி.

பூட்டு நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டைரக்டர் அவர் பக்கம் திரும்பினார். "எதைத் தேடலாம்? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

எந்த கிளெய்மிலும் இருக்கவே முடியாத வார்த்தையாக இருக்க வேண்டும். பூஜ்யம் என்று வந்து அவள் மானம் போக வேண்டும். அவளுக்கும் சுருக்கென்று தைக்க வேண்டும்.

"கழுதைன்னு போடுங்க மேடம்."

டைரக்டர் புருவத்தை உயர்த்தியபடி தட்டினார். முப்பது லட்சம் கோப்புகளில் ஒன்றே ஒன்று வந்து நின்றது. பூட்டின் சொந்த ஃபோல்டரிலிருந்து, காலையில் அவர் எழுதிய கடிதம். அதைத் திறந்து வாய்விட்டே படித்தார்.

"மச்சான், கவலைய விடு. அந்தக் கழுதை இன்னிக்கு மேடம் முன்னாடியே படுத்துடும், அதுக்கு வேண்டியதைச் செஞ்சாச்சு. அப்புறம் உன் கம்பெனி சாஃப்ட்வேரை வாங்கறதைத் தவிர இவங்களுக்கு வேற வழி இல்ல."

பூட்டின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு தேடல்காரி மேல் பாய்ந்தார்.

"என் சொந்த ஃபோல்டருக்குள்ள நுழைய உனக்கு யார் அனுமதி குடுத்தது?"

அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை டைரக்டர் முன்னால் வைத்தாள் தேடல்காரி.

"இதுக்குத்தான் சார், தனிக்குடித்தனம் கேட்டேன்."