சாக்கடைக்குக் காத்திருந்த மோட்டார்

ஏரிக்கரையில் புதிதாகக் கட்டிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு மோட்டார் இருந்தது. சந்தனம் பூசி, மாலை போட்டுத் திறந்துவைத்து ஆறு மாதமாகியும் ஊர்ச் சாக்கடை அதனிடம் வந்து சேரவில்லை. குழாய் பதித்தவர்கள் ஒரு தெரு பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சாக்கடை பழையபடி ஏரிக்கே போனது.

"எப்பத் தம்பி வேலையை ஆரம்பிப்பே? ஏரியில நான் போட்ட முட்டை ஒண்ணுகூடப் பொரியல" என்று தினமும் வந்து கேட்கும் ஒரு தவளை.

"சாக்கடை வரட்டும்க்கா, தெளிய வச்சிடறேன்" என்று சொல்லும் மோட்டார். தன்னால் முடியுமா என்பது அதற்கே தெரியாது.

ஒருநாள் அதிகாரி சோதிக்க வருவதாகத் தகவல் வந்தது. ஊழியர்கள் அவசரமாக லாரியில் குடிதண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார்கள். மோட்டார் ஓடியது. அதிகாரி ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரைத் தூக்கிப் பார்த்து, "பிரமாதம்" என்றார்.

"நான் எதைக்கா சுத்தம் பண்ணேன்?" என்றது மோட்டார்.

"பாஸாயிட்டே இல்ல, பேசாம இரு" என்ற தவளை, தொட்டிக்குள் எட்டிப் பார்த்தது. மறுநாள் காலை அந்தத் தண்ணீரில் முட்டைகள் மிதந்தன.

அவை பொரிந்த வாரத்தில், பாக்கியிருந்த தெருவில் பள்ளம் தோண்டிக் குழாய் இறக்கும் சத்தம் கேட்டது.

"என்ன தம்பி, நீ கேட்டது வருது போலிருக்கே?" என்றது தவளை.

தொட்டிக்குள் தலைப்பிரட்டைகள் வாலாட்டி நீந்திக்கொண்டிருந்தன. மோட்டார் அவற்றைப் பார்த்தது, தெருவைப் பார்த்தது. "இதுங்களுக்குக் கால் முளைக்க இன்னும் எத்தனை நாளாகும்க்கா?" என்றது.